போரிட்டவை தரையில், போரிடாதவை வானில்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனிலும் கனடாவிலுமாக 7,377 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் கட்டப்பட்டன. இன்று பறப்பவை இரண்டு. அமெரிக்கா 18,000-க்கும் மேற்பட்ட பி-24 லிபரேட்டர்களைக் கட்டியது. அவற்றிலும் பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டே. ஜப்பானிய நகரங்களை எரித்துச் சாம்பலாக்கிய பி-29 ஏறக்குறைய 4,000. மிஞ்சிப் பறப்பவை மறுபடியும் இரண்டு. 12,731 கட்டப்பட்ட பி-17-இல் வானேறத் தக்கவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எண்ணிக்கை இவ்வளவு சரிந்ததற்கு எதிரியின் குண்டு மட்டும் காரணமில்லை. போர் முடிந்ததும் இவை யாருக்கும் வேண்டாதவை ஆகிவிட்டன. அரிசோனாவின் கிங்மன் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி, உடலைத் துண்டுபோட்டு, உலையில் உருக்கி அலுமினியக் கட்டிகளாக விற்றுத் தீர்த்தார்கள். தொழிற்சாலையிலிருந்து நேராக அந்த மயானத்துக்கு வந்துசேர்ந்த புத்தம்புது விமானங்களும் உண்டு.

தப்பியவை, ஏதோ ஒரு வேலை கிடைத்தவை. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த 'சாலி பி' என்னும் பி-17, பிரான்சின் நில வரைபட நிறுவனத்துக்காகப் படமெடுத்துப் பிழைத்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் பிஏ474, போருக்குப் பின் ஆப்பிரிக்காவை வானிலிருந்து படம்பிடிக்கப் போனது. கனடாவின் எஃப்எம்213 கடல் ரோந்து சுற்றியது. என்எக்ஸ்611 என்னும் இன்னொரு லங்காஸ்டர் பிரெஞ்சுக் கடற்படைக்கு விலைபோய், பசிபிக் கடலின் நியூ கலிடோனியா வரை உழைத்தது. அமெரிக்காவில் சில பி-17-கள் காட்டுத்தீ அணைத்தன. 'கேட்ச்-22' படத்துக்காக 17 பி-25 விமானங்களைத் திரட்டிப் பறக்க வைத்தார்கள். படம் 1970-இல் வந்தது. இன்று பி-25 ஓரளவு அதிகமாகப் பறப்பதற்குச் சினிமாவுக்கும் பங்குண்டு.

இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒன்று தட்டுப்படும். இப்போது பறக்கும் கனரகக் குண்டுவீச்சு விமானங்களில் பெரும்பாலானவை எந்த ஊரின் மீதும் குண்டு போட்டதில்லை. பிஏ474 ஜப்பானுக்கு எதிரான படையில் சேர்வதற்காக 1945-இல் கட்டப்பட்டது. அது கிளம்புவதற்குள் போர் முடிந்துவிட்டது. எஃப்எம்213-உம் அப்படியே. 'ஃபிஃபி', 'டாக்' என்ற இரண்டு பி-29-களும் போர்முனையைக் கண்டதில்லை. மெய்யாகவே போரிட்டவை தரையில் நிற்கின்றன. 137 தாக்குதல்களுக்குப் போய்வந்த லங்காஸ்டர் ஆர்5868 லண்டனின் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'மெம்ஃபிஸ் பெல்' டேட்டனில். ஹிரோஷிமாவின் மேல் பறந்த 'எனோலா கே' வாஷிங்டனுக்கு அருகில். பறப்பவை இந்தப் பெரியவர்களின் பெயரையும் வண்ணத்தையும் பூசிக்கொண்டு பறக்கின்றன. எஃப்எம்213 தாங்கும் எழுத்துகள் கேபி726 என்னும் லங்காஸ்டருடையவை. 1944 ஜூனில் அந்த விமானம் தீப்பிடித்தபோது, பின்புறம் சிக்கிக்கொண்ட துப்பாக்கி வீரரை விடுவிக்கப் போராடித் தன்மேல் தீப்பற்றியபின் குதித்து இறந்தவர் ஆண்ட்ரூ மைனார்ஸ்கி. சிக்கிக்கொண்டவர் உயிர் பிழைத்தார்.

'அரிய பொருளைப் பறக்கவிட்டு அழிக்கலாமா?' என்ற கேள்வி இந்தத் துறையில் ஓயாமல் எழுகிறது. அந்தக் கேள்வியில் பாதி தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்பது என் கருத்து. வரலாறு ஏறிய விமானம் வேறு, பறக்கும் விமானம் வேறு. முதலாவது ஆவணம், அதில் ஒரு கீறலைக்கூடத் தேய்க்கக் கூடாது. இரண்டாவதில் காப்பாற்றப்படுவது கைத்தொழில். அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்ற முடியாது.

அந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதற்கு ரிவெட் ஒன்றே போதும். இந்த விமானங்களின் உடல் மெல்லிய அலுமினியத் தகடு. அதைச் சட்டங்களோடு பிணைப்பவை லட்சக்கணக்கான ரிவெட்டுகள். வலிமையான ஒரு வகை அலுமினிய ரிவெட்டைச் சூளையில் சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் சிறிது நேரம் மென்மையாக இருக்கும், பிறகு தானாகவே இறுகிவிடும். இறுகியபின் அடித்தால் வெடிக்கும். அதனால் சூடாக்கிய கையோடு ஐஸ் பெட்டியில் வைத்து இறுகுவதைத் தள்ளிப்போடுவார்கள். வேண்டும்போது சில எடுத்து, குளிர் போவதற்குள் அடித்து முடிக்க வேண்டும். வெளியே ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிப்பார். உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலில் அழுத்திப் பிடித்திருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. ஒரு நொடி பிசகினால் தகடு பள்ளம் விழும். வால்பகுதியின் குறுகலுக்குள் படுத்துக்கொண்டு இதைச் செய்ய ஒல்லியான ஆள் வேண்டும். போர்க்காலத்தில் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள்.

அரிப்பு, சீரமைப்பவர்களின் முதல் எதிரி. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு தொடங்கும். மேலே பளபளப்பாக இருக்கும் தகடு உள்ளே அடுக்கு அடுக்காக உரிந்திருக்கும். இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் என்னும் நெடிய தாங்கியில் உலோகச் சோர்வு சேர்ந்தால் அதைச் செப்பனிடவே முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். பிஏ474-க்கு 1995-96 குளிர்காலத்தில் அப்படிப் புது ஸ்பார் போட்டார்கள்.

எஞ்சின் தனிக்கதை. சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த பழைய எஞ்சினை நிறுத்தியபின் ஆயில் மெல்ல வடிந்து அடிச் சிலிண்டர்களில் தேங்கும். திரவத்தை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும், எஞ்சின் போச்சு. ஆகவே கிளப்புவதற்கு முன் ஆட்கள் வரிசையாக வந்து ப்ரொப்பெல்லரின் இலைகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். எங்காவது திடீரென்று கனத்தால் நிறுத்திவிட வேண்டும். பலங்கொண்ட மட்டும் தள்ளினால் தள்ளியவரே எஞ்சினைக் கெடுத்தவர் ஆவார். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடியவிட்ட பிறகுதான் மறுபடியும் கை வைக்கலாம். இந்தக் கனத்தைக் கை உணர்ந்து அறிய வேண்டும். எந்தக் கையேட்டைப் படித்தும் அது வராது.

இவ்வளவையும் மாற்றிய பிறகு அது பழைய விமானம்தானா? நம்மூர்த் தேரில் சக்கரமும் அச்சும் சிற்பப் பலகைகளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. அது வேறு தேர் என்று எந்த ஊரும் சொல்வதில்லை, ஆண்டுதோறும் ஓடுவதால். விமானத்திலோ அடையாளம் சட்டப்படி ஒரு பெயர்த்தகட்டிலும் சில காகிதங்களிலும் தங்கியிருக்கிறது. மரத்தாலான மாஸ்கிட்டோவில் இது உச்சத்துக்குப் போகிறது. பிர்ச் பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து, அச்சுகளில் இரண்டு பாதிகளாக உடலை வார்த்து ஒட்டிய விமானம் அது. ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசையால் ஒட்டினார்கள். 1944-இல் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோக்களின் இறக்கைகள் பறக்கும்போதே சிதைந்து விபத்துகள் நேர, அவற்றை நிறுத்திவைத்துச் சோதித்தார்கள். பசை ஒட்டிய விதத்திலேயே குறைகள் தெரிந்தன. போருக்குப் பின் வெட்டவெளியில் கிடந்த மாஸ்கிட்டோவில் உலோகப் பாகங்கள்தான் மிஞ்சும், மரம் உளுத்துவிடும். நியூசிலாந்தின் கிளின் பவல் பல ஆண்டுகள் செலவிட்டு உடலுக்கான அச்சுகளைப் புதிதாகச் செய்தார். அதன்பிறகுதான் கனடாவில் ஒரு பண்ணையில் மட்கிக் கிடந்த கேஏ114, ஆக்லாந்தை அடுத்த ஆர்ட்மோரில் மறுபிறவி எடுத்து 2012 செப்டம்பரில் பறந்தது. மரம் முழுக்கப் புதிது. போலி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாஸ்கிட்டோ கட்டத் தெரிந்தவர்கள் உலகில் மறுபடியும் இருக்கிறார்கள் என்பது எந்த உளுத்த பலகையையும்விடப் பெரிது.

காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பி-29-களே சாட்சி. இரண்டும் கலிபோர்னியாவின் சைனா லேக் பாலைவனத்தில் கடற்படையின் இலக்குப் பொருட்களாகக் கிடந்தவை. ஃபிஃபியை 1971-இல் கண்டெடுத்து, சில வாரங்கள் பழுதுபார்த்து, அங்கிருந்தே டெக்சாஸுக்குப் பறக்கவிட்டார்கள். டாக்கை 1987-இல் டோனி மஸ்ஸோலினி கண்டார். அதை அங்கிருந்து நகர்த்தவே 1998 ஆயிற்று. 2000-இல் அது பிறந்த ஊரான விச்சிட்டாவுக்குத் துண்டுகளாக வந்தது. பறந்தது 2016 ஜூலை 17-இல். ஃபிஃபியும் சிக்கலுக்குத் தப்பவில்லை: பி-29-இன் 18 சிலிண்டர் ரைட் எஞ்சின் போர்க்காலத்திலேயே தீப்பிடிப்பதற்குப் பேர்போனது. 2006-இல் அதை நிறுத்தி, அதே எஞ்சினின் பிற்கால வகைகள் இரண்டின் பாகங்களைக் கலந்து புதிதாக நான்கு கட்டி, 2010-இல்தான் மீண்டும் கிளப்பினார்கள்.

அவசரப்பட்டவர்களும் உண்டு. 1947 பிப்ரவரியில் வழிதவறி, கிரீன்லாந்தின் உறைந்த ஏரியில் இறங்கிய 'கீ பேர்ட்' என்னும் பி-29 அங்கேயே விடப்பட்டது. விமானப் பந்தய வீரர் டாரில் கிரீனமையர் 1994-இல் ஒரு குழுவோடு போய், பனிவெளியிலேயே எஞ்சின்களை மாற்றினார். தலைமை மெக்கானிக் அங்கே நோயில் விழுந்து, பிறகு மருத்துவமனையில் இறந்தார். அடுத்த ஆண்டு மே மாதம், பறக்கக் கிளம்பிப் பனிமேல் ஓடிக்கொண்டிருந்தபோது, வால்பகுதியில் துணை ஜெனரேட்டருக்காகத் தற்காலிகமாகக் கட்டியிருந்த எரிபொருள் தொட்டியிலிருந்து கசிந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது. ஆட்கள் இறங்கி ஓடினார்கள். அரை நூற்றாண்டாகப் பனி கெடுக்காமல் வைத்திருந்த விமானம் கண்முன்னே எரிந்துபோனது. இதைத் துணிச்சல் என்று புகழ்பவர்களும் இருக்கிறார்கள். பொறுமையின்மைக்கு நான் அந்தப் பெயரைக் கொடுக்க மாட்டேன்.

பொறுமைக்கு எடுத்துக்காட்டு டக்ஸ்ஃபர்டின் பிளென்ஹைம். போரின் முதல் ஆண்டுகளில் பிரிட்டனின் கைவசமிருந்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானம் இது. ஈழத்து வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு: 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிளென்ஹைம்கள், திருகோணமலையைத் தாக்கிய ஜப்பானிய விமானந்தாங்கிகளைத் தேடிப்போய்க் குண்டு போட்டன. ஒரு குண்டும் இலக்கில் விழவில்லை. தாக்கிய ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின், பிளென்ஹைம் ஒன்றும் பறக்கும் நிலையில் உலகில் இல்லாதிருந்தபோது, கிரஹாம் வார்னரைச் சுற்றி ஒரு குழு கூடியது. கனடாவில் கட்டப்பட்ட இதன் இன்னொரு வடிவமான போலிங்புரோக்கை எடுத்து, 12 ஆண்டுகள் உழைத்து, 1987 மே மாதம் பறக்க வைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. டெனம் விமானக் காட்சியில் தரையைத் தொட்டு மீண்டும் எழும் முயற்சி பிசகி விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அவர்கள் இன்னொரு போலிங்புரோக்கைத் தேடினார்கள். அது 1993-இல் பறந்தது. பத்தாண்டு கழித்து, 2003 ஆகஸ்டில், டக்ஸ்ஃபர்டிலேயே இறங்கும்போது விபத்து. மூன்றாவது தடவையாகக் கட்டத் தொடங்கினார்கள். இந்த முறை மூக்குப்பகுதி வேண்டியிருந்தது. கிடைத்தது ஒரு காரிலிருந்து. பிரிஸ்டல் நிறுவன ஊழியர் ஒருவர் போருக்குப் பின் கழித்துப்போட்ட பிளென்ஹைம் எல்6739-இன் மூக்கை எடுத்து, சக்கரம் பூட்டி மின்சாரக் காராக ஓட்டியிருந்தார். அந்தக் கார் மறுபடியும் விமானமாகி 2014 நவம்பரில் பறந்தது. மூன்று தடவை கட்டியதில் அந்தக் குழுவுக்குள் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உருவாகிவிட்டார்கள். ஜான் ரோமெய்னின் தலைமையில் டக்ஸ்ஃபர்டில் இயங்கும் பட்டறை இன்று உலகெங்கும் பேசப்படுகிறது.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்குபவர்கள் கான்பூரை மறந்துவிடுகிறார்கள். போரின்போது லிபரேட்டர்கள் நம் பக்கத்துக்கும் நெருக்கமானவை. பிரிட்டிஷ் விமானப்படையின் 160-ஆவது அணி சீகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா ஆகிய தளங்களிலிருந்து அவற்றில்தான் வங்கக் கடலைக் கடந்து போய்வந்தது. போர் முடிந்தபோது, கடனாகத் தந்த விமானங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பயனற்றதாக்க வேண்டும் என்பது அமெரிக்காவோடு செய்துகொண்ட ஏற்பாடு. கான்பூரின் சகேரித் தளத்தில் குவிந்திருந்த லிபரேட்டர்களின் கருவிகளை உடைத்து, எஞ்சின்களுக்குள் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார்கள்.

சுதந்திர இந்தியாவிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை, வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்கு ஒரு அனுகூலம் இருந்தது: போரின்போது அமெரிக்கப் படை அதைத் தன் பழுதுபார்ப்புக் கூடமாக நடத்தியது, அங்கே வேலை பார்த்தவர்கள் லிபரேட்டரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பழகியவர்கள். 1948-இல் ஆட்கள் கான்பூருக்குப் போனார்கள். ஒன்றில் நல்ல டயர், இன்னொன்றில் நல்ல எஞ்சின் என்று பொறுக்கிச் சேர்த்து, பெங்களூர் வரை தாங்கும் அளவுக்கு மட்டும் செப்பனிட்டார்கள். நிறுவனத்தின் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அந்த அரைகுறைகளை ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தார். முழுச் சீரமைப்பு பெங்களூரில் நடந்தது. 1948 நவம்பர் 2 அன்று இந்திய விமானப்படையின் 5-ஆவது அணி லிபரேட்டர்களோடு தொடங்கியது. மொத்தம் நாற்பதுக்கும் மேற்பட்டவை இப்படி உயிர்பெற்றன. 6-ஆவது அணி அவற்றைக் கடல் ரோந்துக்கு 1968 வரை வைத்திருந்தது. உலகின் மற்ற நாடுகள் உருக்கித் தீர்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அதனால்தான் இன்று உலகில் எஞ்சிய லிபரேட்டர்களில் கணிசமானவை இந்தியாவிலிருந்து போனவை. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கு ஒன்று 1969-இல் பறந்தே போனது. லண்டனில் இருப்பதும் இங்கிருந்து 1974-இல் போனதுதான். பறக்கும் இரண்டு லிபரேட்டர்களில் ஒன்றான 'விட்ச்கிராஃப்ட்' முன்னாள் இந்திய விமானப்படை விமானம். பிரிட்டன் வழியாக அமெரிக்கா போய், ஃபுளோரிடாவில் சீரமைக்கப்பட்டு 1989-இல் பறந்தது. அதைப் பற்றிய செய்திகளில் ஃபுளோரிடாவின் உழைப்பு விரிவாக வரும், பெங்களூரின் உழைப்பு ஒரு வரியில் முடியும். முதல் உயிர்ப்பிச்சை பெங்களூர் போட்டது. நம் விமானப்படையின் பழைய விமானப் பிரிவு இன்று டகோட்டாவையும் டைகர் மாத்தையும் பறக்கவிடுகிறது. லிபரேட்டர் ஒன்றைப் பறக்கவிட நினைக்கவில்லை. அந்த டகோட்டாவும் சீரமைக்கப்பட்டது இங்கிலாந்தில்.

பறப்பது என்றால் விழுவதும் அதில் அடக்கம். 2019 அக்டோபர் 2 அன்று கனெக்டிகட்டில் 'நைன்-ஓ-நைன்' பி-17 கிளம்பிய சில நிமிடங்களில் எஞ்சின் கோளாறால் திரும்பி வந்து, ஓடுபாதையை ஒட்டி மோதி எரிந்தது. இறந்த ஏழு பேரில் ஐவர் கட்டணம் செலுத்தி ஏறியவர்கள். விசாரணையில், எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ, ஸ்பார்க் பிளக் பராமரிப்பிலேயே குறைகள் வெளிவந்தன. ஓட்டியவரே பராமரிப்புக்கும் பொறுப்பாளர். 2022 நவம்பரில் டல்லஸ் விமானக் காட்சியில் 'டெக்சாஸ் ரெய்டர்ஸ்' பி-17-இன்மேல் ஒரு போர்விமானம் மோதி ஆறு பேர் இறந்தார்கள். அதில் விமானத்தின் வயதுக்குப் பங்கில்லை. உயரத்தைப் பிரித்துக் கொடுக்காத காட்சி ஏற்பாட்டுக்குத்தான் பங்கு. 2023-இல் பி-17-களின் இறக்கை ஸ்பாரும் உடலும் இணையும் இடத்தில் வெடிப்புகள் தெரிய, சோதித்து முடிக்கும்வரை பறக்கக் கூடாது என்று அமெரிக்க விமானத்துறை ஆணையிட்டது.

முதல் விபத்துதான் எனக்கு முக்கியம். இந்த விமானங்களைப் பறக்க வைப்பது பெரும்பாலும் பயணிகளின் சீட்டுப் பணம். வேறு வழியில்லாததால் பயணியை ஏற்றுகிறார்கள். பயணி காத்திருப்பதால் விமானம் கிளம்பியாக வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் ஆபத்தை அறிந்து ஏறுவது அவர்கள் பாடு. நினைவுக்காக ஒரு சீட்டு வாங்கியவருக்கு மேக்னெட்டோவின் நிலை எப்படித் தெரியும்?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இவை ஊர்களை எரிக்கக் கட்டப்பட்டவை. 1945 மார்ச்சில் ஒரே இரவில் டோக்கியோவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரைக் கொன்றவை பி-29-கள். மறுபக்கம், பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் மட்டும் இறந்தவர்கள் 55,573 பேர். அவர்களின் குடும்பங்களுக்கு லங்காஸ்டரின் நான்கு மெர்லின் எஞ்சின்களின் ஒலி அஞ்சலி. இரண்டும் உண்மை. ஆனால் 1976-இல் டெக்சாஸ் விமானக் காட்சியில் நடந்ததை எந்த அஞ்சலிக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட பால் டிப்பெட்ஸையே ஃபிஃபியில் ஏற்றி, கீழே காளான் புகையை எழுப்பி, கூட்டத்துக்கு அந்தக் காலையை நடித்துக் காட்டினார்கள். ஜப்பான் கண்டித்தது, அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. போரைக் காணாத விமானம் என்பதால் அது குற்றமற்றது ஆகிவிடாது. அதை வைத்து என்ன காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

இத்தனை சிக்கலுக்கும் நடுவில் எனக்கு உருப்படியாகத் தெரிவது லிங்கன்ஷயரின் ஈஸ்ட் கிர்க்பியில் நடக்கும் வழி. 1944 மார்ச் கடைசியில் நியூரம்பெர்க் தாக்குதலில் இறந்த தம் அண்ணன் கிறிஸ்டோஃபரின் நினைவாக ஃபிரெட், ஹாரல்ட் பான்டன் சகோதரர்கள், போர்க்கால விமானத்தளமாக இருந்த அந்த இடத்துக்கு என்எக்ஸ்611 லங்காஸ்டரைக் கொண்டுவந்தார்கள். அங்கே வந்தபின் அது இன்னும் பறக்கவில்லை. கோடையில் பணம் செலுத்தியவர்களை ஏற்றிக்கொண்டு, நான்கு எஞ்சினும் முழங்கத் தரையிலேயே ஓடுகிறது. குளிர்காலம் வந்தால் அந்த வருமானத்தில் விமானத்தின் ஒரு பகுதியைப் பிரித்து, அரித்த தகட்டைக் கழற்றி, புதிது போடுகிறார்கள். என்றைக்குப் பறக்கும் என்று கேட்டால் முடிந்த அன்றைக்கு என்பதுதான் பதில். சீட்டு வாங்கியவர் அதுவரை தரையைவிட்டு எழுவதில்லை.